புண்ணாக்குக் கடை வீடியோ

இரண்டு நிமிடம் நாற்பது விநாடி ஓடுகிற ஒரு வீடியோ, சனோபர் வீட்டுக்கு ஒரு வருஷமாகச் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

அதில் டி. கல்லுப்பட்டி முத்துக்குமரன் தன் மாட்டுத் தீவனக் கடை முன்னால் நிற்பான். பின்னால் கடலைப் புண்ணாக்கு, எள்ளுப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை என்று பச்சையும் மஞ்சளுமாக அச்சடித்த பாக்கெட்டுகள் வரிசை கட்டி நிற்கும். முதலில் ஒரு கும்பிடு போடுவான். "மூணு மாசத்துக்கு முன்னாடி நம்ம கடையில ஒரு நாளைக்கு எட்டு மூட்டை போகும். இன்னைக்குப் பதினாறு மூட்டை போகுது. எல்லாம் சனோபர் அக்காவால," என்பான். சொல்லி முடித்ததும் வெட்கப்பட்டுச் சிரிப்பான். அந்தச் சிரிப்புதான் வீடியோவுக்கு உயிர். சம்பளத்துக்கு நடிக்க வந்தவனுக்கு அப்படி ஒரு சிரிப்பு வராது.

சனோபர் வியாபாரப் பயிற்சியாளர். 'பிசினஸ் கோச்' என்றால்தான் ஊரில் பலருக்குப் புரியும். புரிந்த மாதிரி தலையையாவது ஆட்டுவார்கள். மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பதினோரு வருஷம் விற்பனைப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தவள், நாலு வருஷத்துக்கு முன் அந்த வேலையை விட்டுவிட்டு, முனிச்சாலையில் ஒரு மாடி அறையைப் பிடித்து, சின்னக் கடைக்காரர்களுக்குப் பன்னிரண்டு வாரப் பயிற்சி என்று போர்டு மாட்டினாள். மூன்று வருஷம் போர்டில் தூசிதான் ஏறியது. வந்த ஒன்றிரண்டு பேரும் நாலு வாரத்தில் காணாமல் போனார்கள். கணவன் முகமது ஆசிப் கல்யாண வீடியோ எடுக்கிறவன். அவன் தோளில் தூக்கிய கேமராதான் குடும்பத்தையும் தூக்கியது.

பன்னிரண்டு வாரத்தையும் முழுதாக முடித்த முதல் ஆள் முத்துக்குமரன். அவனை வைத்து ஆசிப் எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் கிளம்பி, மேலூர், திருமங்கலம், சமயநல்லூர் என்று ஒரு சுற்றுச் சுற்றியது. பேக்கரிக்காரரும் பாத்திரக்கடைக்காரரும் மூச்சு வாங்க மாடியேறி வந்து, புண்ணாக்குக் கடைத் தம்பிக்குச் சொன்னதை எங்களுக்கும் சொல்லுங்கள் என்றார்கள். சனோபரும் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். எந்த வகுப்பானாலும் முதல் நாள் முதல் பேச்சு ஒன்றுதான்: தராசில் கை வைக்காதீர்கள், வைக்கிற பழக்கம் இருந்தால் இப்போதே எழுந்து போய்விடுங்கள், மிச்சத்தைப் பிறகு பேசலாம். ஒருத்தரும் எழுந்து போனதில்லை என்பது வேறு விஷயம்.

இந்தச் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கி ஒரு வாரம் ஆவதற்குள் புது வகுப்புக்கு முப்பத்திரண்டு பேர் பணம் கட்டிப் பெயர் கொடுத்துவிட்டார்கள். இதுவரை இல்லாத கூட்டம். ஆசிப்புக்குக் கொஞ்ச நாளாகவே முதுகுத் தண்டுவடத்தில் கோளாறு. கேமராவைக் கீழே வைக்காவிட்டால் நடக்க முடியாமல் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த வகுப்பு நிறைந்தால் அவன் கேமராவைக் கீழே வைக்கலாம். சனோபர் தொழுது முடித்துக் கையேந்தும்போது கேட்டதெல்லாம் அது ஒன்றைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காளவாசலில் ஒரு ஹாலில் தொடக்கக் கூட்டம். முத்துக்குமரனையே மேடையில் ஏற்றிப் பேச வைத்தால் என்ன என்று ஆசிப்புக்குத் தோன்றியது. போனில் கேட்டதும் அவன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, வந்துவிடுகிறேன் என்றான். அதற்கு முன்னால் வியாழக்கிழமை கடைக்கு வந்து புதிதாகக் கொஞ்சம் படம் பிடிப்பதாகப் பேச்சு. வியாழக்கிழமை ஆசிப்புக்குத் திடீரென்று ஒரு நிக்காஹ் வேலை வந்ததால் புதன்கிழமையே இருவரும் பழைய ஆம்னியில் கிளம்பினார்கள். நம்ம பையன்தானே, போன் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். அன்று மட்டும் ஒரு போன் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கடையில் முத்துக்குமரன் இல்லை. சரக்கு எடுக்க எழுமலைக்குப் போயிருந்தான். அவன் மனைவி அஸ்வினி இவர்களைப் பார்த்ததும் பதறி எழுந்து, நாற்காலியைத் துடைத்தாள். துடைத்த துணியோடு போய்ப் பாக்கெட்டுகளையும் அவசரமாகத் துடைக்க ஆரம்பித்தாள். பாக்கெட்டுகள் வீடியோவில் இருந்த அதே வரிசையில், அதே உயரத்தில் இருந்தன. மேலே ஒரு விரல் கனத்துக்குப் புழுதி. புல் பூண்டெல்லாம் காய்ந்து கருகிக் கிடக்கிற சித்திரை மாதத்தில் தீவனக் கடையில் ஆள் இல்லை.

சனோபர் கேட்க வாயெடுப்பதற்குள் டிவிஎஸ் வண்டியில் பால்கேனோடு ஒரு பெரியவர் வந்து நின்றார். பேயாண்டி என்று பேர், நாலு கறவை மாடு வைத்திருப்பவர் என்று அஸ்வினி அறிமுகம் செய்தாள். அவர் ஒரு கடலைப் புண்ணாக்குப் பாக்கெட்டை எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பினார். மூக்குக்கிட்டே கொண்டுபோனார். பிளாஸ்டிக் வாசம் வந்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தார்.

"இன்னுமா தாயி இந்தப் பையத் தூக்கிப் போடல?" என்று அஸ்வினியிடம் கேட்டார். "கடிச்சுப் பாக்காம மாட்டுக்கு எப்பிடி வைக்கிறது?"

அவர் பாக்கெட்டை எடுத்த இடத்திலேயே பத்திரமாக வைத்துவிட்டு, கோபம் ஒன்றும் இல்லாமல், தெருமுனைக் கடைக்கு வண்டியைத் திருப்பினார். முனைக் கடை வாசலில் மூட்டைகள் வாய் திறந்து நின்றன. அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர்.

"கடிச்சுப் பாக்குறதுன்னா?" என்றாள் சனோபர்.

அஸ்வினி முதலில் ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னாள். சனோபர் விடவில்லை. துணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே அவள் மெதுவாகச் சொன்னாள்.

"முன்னாடி மூட்டைய அவுத்து வாசல்ல வச்சிருப்போம்க்கா. வாரவுக ஒரு துண்டு ஒடிச்சு வாயில போட்டுப் பாப்பாக. பழசாயிக் காரலடிக்குதா, மண்ணு நறநறங்குதான்னு பாத்துட்டுத்தான் எடை போடச் சொல்லுவாக. மாடு வாயில்லாச் சீவன்ல. நல்லால்லைன்னு அது வந்து சொல்லுமா? அதுக்காக இவுக கடிச்சுப் பாக்குறது."

சனோபருக்கு நினைவு வந்தது. மூன்றாவது வாரம் இந்தக் கடைக்கு வந்தவள், ஆளாளுக்கு மூட்டையில் கைவிட்டு எடுத்துக் கடிப்பதைப் பார்த்து முகம் சுளித்திருந்தாள். எச்சில் கையை விடுகிறார்கள், இது என்ன கடையா சத்திரமா என்று கேட்டிருந்தாள். பாக்கெட் போட்டு ஒட்டுங்கள், மேலே உங்கள் பெயரைப் போடுங்கள், அப்போதுதான் நாலு பேருக்குத் தெரியும் என்றவளும் அவள்தான். ஜவுளிக்கடையில் படித்த பாடம். சேலையை யாரும் கடித்துப் பார்ப்பதில்லை.

"அப்ப அந்தப் பதினாறு மூட்டை?" என்றாள்.

அஸ்வினி ஆசிப்பைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். வருஷா வருஷம் கோடையில் அப்படித்தான் என்றாள். மாசியில் எட்டு போனால் வைகாசியில் பதினாறு போகும், மேய்ச்சல் காய்ந்துவிடுகிறதல்லவா. வீடியோ எடுத்தபோது பின்கட்டில் மூட்டைகளும் திறந்துதான் இருந்தன. போனது முக்கால்வாசி அதிலிருந்துதான். பாக்கெட் முன்னால் அழகுக்கு நின்றது. வீடியோவுக்குப் பிறகுதான் மூட்டையை அடியோடு கட்டிவிட்டார்கள். அதிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக முனைக் கடைக்குப் போய்விட்டார்கள். இந்தக் கோடையில் ஒரு நாளைக்கு மூன்று மூட்டை போனால் அதிகம்.

சனோபர் முனைக் கடைக் கூட்டத்தைப் பார்த்தாள். எந்தத் துணிக்கடைக்காரராவது சாதாரண மாத விற்பனையையும் தீபாவளி விற்பனையையும் பக்கத்தில் வைத்து, இரண்டு மடங்கு வளர்ந்துவிட்டேன் என்று சொன்னால் அவளே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். மாட்டுக்கும் ஒரு தீபாவளி உண்டு, அது வெயில் காலத்தில் வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. போன கோடையில் எவ்வளவு விற்றாய் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவள் கேட்கவில்லை. பதினாறு என்ற வார்த்தை அவ்வளவு இனிப்பாக இருந்தது.

"சரிம்மா, தெரிஞ்சதும் மூட்டைய அவுத்துருக்கலாம்ல?" என்று ஆசிப் கேட்டான்.

"நானும் சொன்னேன்ண்ணே. அவரு கேட்டாத்தான?" என்றாள் அஸ்வினி. "மதுரையிலருந்து வாரத்துக்கு ரெண்டு பேரு வண்டியப் போட்டு வந்து கடையப் பாக்குறாக, போட்டோ எடுத்துட்டுப் போறாக. மூட்டையப் பாத்தா அக்கா பேரு கெட்டுப்போயிருமாம். இம்புட்டு நாளும் அதுக்காகத்தான் இப்பிடியே வச்சிருக்காரு."

அப்போது முத்துக்குமரன் சரக்கு ஆட்டோவில் வந்து இறங்கினான். இவர்களைப் பார்த்தவுடன் அவனுக்குக் கை கால் ஓடவில்லை. நாளைக்குத்தானே என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடி, இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை பேசப் போவதை எழுதி, மனப்பாடமும் பண்ணிவிட்டானாம்.

"தம்பி, போன வருசம் வித்தது பாக்கெட்டாலயா, வெயிலாலயா?" என்று சனோபர் கேட்டாள்.

அவன் அஸ்வினியை ஒரு முறை முறைத்தான். பிறகு சிரித்தான். வீடியோவில் வரும் சிரிப்பு இல்லை அது.

"அதெல்லாம் எதுக்குக்கா? ஞாயித்துக்கெழம நான் நல்லாப் பேசிருவேன். நீங்க கவலப்படாதீக."

கடை நொடித்துக்கொண்டிருக்கிறவன் சனோபருக்குத் தைரியம் சொல்கிறான். தாளை வாங்கி மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், முதலில் மூட்டைகளை அவிழ்த்து வாசலில் வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். தன்மேல் கோபம் போலிருக்கிறது என்று அவன் எண்ணிக்கொண்டான். முகம் வாடிப்போய், ஆம்னி திரும்பும் வரை வாசலிலேயே நின்றான்.

வண்டி திருமங்கலத்தைத் தாண்டியது. ஆசிப்தான் ஆரம்பித்தான். எடுத்தபோது அது பொய் இல்லையே, அவன் பதினாறு மூட்டை விற்றது நிஜம்தானே என்றான். சனோபர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். தராசு பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் தட்டுக்கு அடியில் யாரோ கல்லை ஒட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம் என்றாள். தெரியாமல் விற்ற வரை சரி, தெரிந்த பிறகும் அதிலேயே நிறுத்துப் போட்டால் அதற்கு என்ன பெயர் என்றாள். அவன், இந்த ஒரு வகுப்பு மட்டும் முடியட்டும், பிறகு வீடியோவை எடுத்துவிடலாம் என்றான். சொல்லும்போதே ஒரு கை இடுப்பை அமுக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்தபோது சனோபருக்குச் சரி என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. உண்மையைச் சொன்னால், நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அடுத்த இரண்டு நாளும் அவள் தன்னோடு தானே மல்லுக்கு நின்றாள். முப்பத்திரண்டு பேரும் அந்தச் சிரிப்பைப் பார்த்து வந்தவர்கள். அவர்களுக்கு அவள் கற்றுக்கொடுப்பதில் நல்லதும் நிறைய இருக்கிறது. வந்து உட்கார்ந்துவிட்டால் பலன் கிடைக்கத்தான் செய்யும். இப்படி ஒவ்வொரு நியாயமாக எடுத்து வைத்துப் பார்த்தாள். எந்த நியாயத்தை எடுத்தாலும் பின்னால் முத்துக்குமரன் பொத்தான் மாறிப் போட்ட சட்டையோடு நின்றான். பாக்கெட் யோசனை தவறு என்பதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். தவறு யாருக்கும் வரும். அந்தத் தவறை அவளிடம் சொல்ல முடியாத இடத்தில் ஒருவனை நிறுத்தியிருந்தாளே, அதுதான் அவளை வாட்டியது.

சனிக்கிழமை காலையில் இடுப்புக்குப் பெல்ட் கட்டிக்கொண்டே ஆசிப் சொன்னான்.

"வீடியோவ நம்ம பேஜ்லருந்து எடுத்துட்டேன் சனோ. இனி நீ நாளைக்குச் சொல்லித்தான் ஆகணும்."

அவள் அவன் கையைத் தள்ளிவிட்டு பெல்ட்டைத் தானே இறுக்கிக் கட்டினாள். கட்டி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அவன் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முப்பத்திரண்டு நாற்காலியும் நிறைந்து, சிலர் மனைவியையும் அழைத்து வந்திருந்தார்கள். சனோபர் மடிக்கணினியிலிருந்து அந்த வீடியோவைக் கடைசியாக ஒரு தடவை திரையில் ஓடவிட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். கைதட்டல் அடங்கியதும் மைக்கைப் பிடித்தாள்.

"இதுல இவரு சொல்றது நிஜம். ஆனா அது என்னால இல்ல. கோடையில தீவனம் எப்பவும் ரெண்டு மடங்கு போகும். அது எனக்குத் தெரியல, நான் கேக்கவும் இல்ல. நான் சொன்ன யோசனையால இப்ப இவரு கடையில பாதி ஆளு கூட வர்றதில்ல. இதப் பாத்துத்தான் நீங்க இங்க வந்தீங்க. அதனால இத உங்களுக்குச் சொல்லாம நான் தராசப் பத்திப் பேச முடியாது."

சமயநல்லூர் ரோட்டோரத்தில் பேக்கரி வைத்திருக்கும் ஜெயபாண்டி எழுந்து, அப்படியானால் எங்களை எதற்கு வரச் சொன்னீர்கள் என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. போனில் சொன்னால் பாதிப் பேரிடம் பாதிதான் போய்ச் சேரும், நேரில் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன் என்றாள். வேண்டாம் என்கிறவர்கள் கட்டிய பணத்தை வாசலில் ஆசிப்பிடம் இப்போதே வாங்கிக்கொள்ளலாம், ஒரு வருத்தமும் இல்லை என்றாள். வருத்தம் இல்லை என்றது மட்டும் பொய்.

நாற்காலிகள் நகர்ந்தன. முதலில் ஒரு பாத்திரக்கடைக்காரர் போனார், பின்னாலேயே நாலு பேர், அப்புறம் ஒரு வரிசை. வாசலில் ஆசிப் ஒவ்வொருவருக்கும் சலாமோ வணக்கமோ சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தான். சனோபர் மேடையிலேயே நின்றாள். இவ்வளவுதான், திங்கட்கிழமையிலிருந்து அவன் மறுபடி கேமராவைத் தூக்க வேண்டியதுதான் என்று மனம் சொன்னது.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஓர் ஆள் மஞ்சள் பையோடு எழுந்து நின்றான். முத்துக்குமரன். வர வேண்டாம் என்று சொல்லியும் வந்திருந்தான். பொத்தான்கள் இன்றைக்குச் சரியாக இருந்தன.

"போறவுக ஒரு நிமிசம் நில்லுங்கண்ணே," என்றான். மைக் இல்லாமலே குரல் கேட்டது. "வீடியோவுல இருக்குறது நான்தான். அக்கா எங்கிட்டக் கேக்கலன்னாக. அது அவுக தப்பு. வெயிலுதான் வித்துச்சுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். கேக்காட்டியும் நான் சொல்லிருக்கணும். அது என் தப்பு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயபாண்டிதான் கேட்டார்: "தெரிஞ்சும் ஏன் மாப்ள சொல்லல?"

முத்துக்குமரன் சனோபரைப் பார்த்தான். எழுதி மனப்பாடம் பண்ணாத பேச்சு என்பதால் கொஞ்சம் திக்கியது.

"அன்னைக்குப் பதினாறு மூட்டைன்னு சொன்னதும் அக்காவுக்குக் கண்ணு கலங்கிருச்சுண்ணே. மூணு வருசத்துல எங்கிட்டப் படிச்சு முழுசா முடிச்ச மொத ஆளு நீதான் தம்பின்னாக. அம்புட்டு சந்தோசமா இருந்தவுககிட்டப் போயி, இது வெயிலாலன்னு எப்பிடிச் சொல்றது? எனக்கு வாய் வரல."

சனோபர் மைக்கைக் கீழே வைத்துவிட்டாள். அவன் நடு வழியாக நடந்து மேடைக்கு வந்தான். மஞ்சள் பையை அவிழ்த்து மேசைமேல் வைத்தான். உள்ளே கடலைப் புண்ணாக்குத் துண்டுகள். வியாழக்கிழமை காலையிலேயே மூட்டையை அவிழ்த்து வாசலில் வைத்துவிட்டார்களாம். பேயாண்டி முதல் ஆளாக வந்து, ஒரு வருஷத்துக்கும் சேர்த்து நாலு துண்டு தின்றுவிட்டுத்தான் எடை போடச் சொன்னாராம்.

வாசல் வரை போன ஜெயபாண்டி திரும்பி வந்து ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு அருகில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் உட்கார்ந்தார்கள். எண்ணினால் பதினோரு பேர் இருப்பார்கள். ஆசிப் வாசல் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தான். பதினோரு பேரை வைத்து அவன் கேமராவைக் கீழே வைக்க முடியாது. அது இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவன் முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை.

முத்துக்குமரன் ஒரு துண்டை ஒடித்து சனோபரிடம் நீட்டினான். அதை எப்படி விற்க வேண்டும் என்று பன்னிரண்டு வாரம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள், அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதை வாயில் போட்டாள்.

"காரலடிக்குதாக்கா?" என்று கேட்டான்.

இல்லை என்று தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் வழிந்தது. பதில் சொல்ல முடியவில்லை. வாய் நிறையப் புண்ணாக்கு.